171 நாள்: வாசகர் கேள்வி பதில்

2025 நவம்பர் 2ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு, திருகோணமலையில் எத்தனை வீட்டில் வாட்ஸ்அப் அலறியது என்று கணக்கெடுத்திருந்தால், நமக்கு ரொறன்ரோவில் எவ்வளவு சொந்தம் இருக்கிறது என்று விளங்கியிருக்கும். அங்கே அது சனிக்கிழமை இரவு எட்டு மணி, பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். 11 இன்னிங்ஸ் இழுபட்டு, 5-4 என்று லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் ரொறன்ரோ தோற்றது. நம் வீட்டில் தேத்தண்ணி ஆறிப்போனதுதான் மிச்சம். அன்றைக்குப் பிடித்த பேஸ்போல் காய்ச்சல் வாசகர்களுக்கு இன்னும் இறங்கவில்லை, வந்திருக்கிற கடிதங்களில் முக்கால்வாசி அதுதான், அதிலும் எல்லோருக்கும் ஒரே சந்தேகம். அதனால் கன்னியாப் பாதை, கோட்டை வாசலில் மான்களுக்குப் பொலித்தீன் பையோடு சாப்பாடு போடுகிறவர்கள் பற்றிய முறைப்பாடு எல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: பேஸ்போல் என்றால் நம்மட எல்லேதானே? வெள்ளைக்காரன் பெயரை மாற்றி விளையாடுகிறான். இதற்கு ஏன் இவ்வளவு கூத்து? (சாம்பல்தீவு வாசகர்)

தூரத்துச் சொந்தம், ஒத்துக்கொள்கிறேன். அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வருகிறது இரண்டிலும் உண்டு. ஆனால் அங்கே பந்து மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேலே வரும், அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அரைச் செக்கன்கூட இல்லை. எங்கள் நாட்டிலும் பேஸ்போல் இருக்கிறது, கொழும்புப் பக்கம் தியகமவில் ஜப்பான் உதவியோடு கட்டின மைதானமே இருக்கிறது. அடுத்த தடவை கொழும்பு போனால் எட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, ஸ்காபரோவில் இருக்கிற மருமகன் வீடியோ அனுப்புவான். கீழ் லீக்கில் ஒரு பெடியன் அடி பின்னுகிறான், மேலே அவனுடைய இடத்தில் நிற்கிறவர் தடவிக்கொண்டு நிற்கிறார். ஆனாலும் அவனைக் கூப்பிட மாட்டார்களாம். எந்த முட்டாள் கிளப் இப்படிச் செய்யும்? (உப்புவெளி வாசகர்)

முட்டாள் கிளப் இல்லை தம்பி, கணக்கில் புலியான கிளப்தான் செய்யும்.

அமெரிக்க மேஜர் லீக்கில் ஒரு புதுப் பெடியன் ஆறு வருசச் சேவையை முடிக்கும்வரை கிளப்பின் பிடியில்தான் இருப்பான். அது முடிந்தால்தான் சந்தைக்கு வந்து, கூடக் காசு தருகிறவனிடம் போகலாம். முதல் மூன்று வருசம் ஏறத்தாழக் கிளப் நீட்டுகிற சம்பளம், பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் இருக்கும். அதற்குப் பிறகு நடுவர் முன்னால் போய்ச் சம்பளம் பேசலாம், ஆனால் கிளப்பை விட்டுப் போக முடியாது. சரி, இதில் ஒரு வருசம் என்றால் எத்தனை நாள்? சீசன் 180 நாளைத் தாண்டி 187 வரைகூடப் போகும், அதில் 172 நாள் மேல் அணியில் இருந்துவிட்டால் முழு வருசம் என்று எழுதிக்கொள்வார்கள். 171 என்றால் எழுத மாட்டார்கள். ஆறு வருசம் நிறையவேண்டிய இடத்தில் ஐந்து வருசமும் 171 நாளும் என்று பெடியன் தொங்கிக்கொண்டு நிற்பான், கிளப்புக்கு இன்னொரு முழுச் சீசன் அவன் கையிருப்பு. ஏப்ரலில் ஒரு இரண்டு கிழமை அவனைக் கீழே இருத்திவைத்ததற்குக் கூலி, அவன் உடம்பும் கையும் உச்சத்தில் இருக்கிற ஒரு வருசம்.

புதிதாக இருக்கிறதா? நிரந்தரமாக்க வேண்டி வந்துவிடும் என்று, நாள் நிறைவதற்கு முதல் ஆளை நிற்பாட்டி, கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் தற்காலிகமாக எடுக்கிற வேலைத்தலங்களைப் பார்க்காதவரா நீங்கள்? அதே வித்தைதான், சம்பளத்துக்குப் பின்னால் சைபர் மட்டும் கூட.

இதில் எல்லோரும் காட்டுகிற உதாரணம் கிரிஸ் பிரையன்ட். கிளப்புகள் வருசாவருசம் முறை வைத்துப் புதுப் பெடியன்களைத் தெரிவு செய்வார்கள், 2013இல் அதில் இரண்டாவது ஆளாகச் சிக்காகோ கப்ஸ் எடுத்த பெடியன். 2015இல் சீசன் தொடங்க முதல் நடக்கிற பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் (நம்மட சிக்சர் மாதிரி), வேறு யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. ஏப்ரல் 5ஆம் திகதி சீசன் தொடங்கியது, ஆள் மேல் அணியில் இல்லை. தடுப்பாட்டத்தைத் திருத்த வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 17ஆம் திகதி கூப்பிட்டார்கள். பன்னிரண்டே நாளில் தடுப்பாட்டம் திருந்திவிட்டது போல! நீங்களே கலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள், அந்தச் சீசன் ஒக்டோபர் 4 வரை மொத்தம் 183 நாள். 183இல் 12 போனால் 171. ஒரு நாள், ஒரே ஒரு நாள் குறைவு.

முதல் ஆட்டத்தில் பெடியன் நாலு தடவை இறங்கி ஒன்றும் அடிக்கவில்லை, அதில் மூன்று தடவை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழப்பு, கிளப்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் அந்த வருசமே சிறந்த புதுமுகம், 2016இல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர், அதே வருசம் கப்ஸ் 1908க்குப் பிறகு முதன்முதலாக உலகத் தொடரை வென்றது. சம்பளத்தையும் பாருங்கள்: 2015இல் 507,500 டொலர், நடுவர் முறைக்குத் தகுதி வந்த 2018இல் 10.85 மில்லியன். அந்த ஏணியில் ஒரு படி பிந்துவதென்றால் என்ன என்று இப்போது விளங்கும். வீரர் சங்கம் முறைப்பாடு போட்டது. தீர்ப்பு வந்தது 2020 ஜனவரியில், கிளப் பக்கம். கிளப் சொன்ன காரணம் பொய் என்று நிரூபிக்க வேண்டும், ஒருவர் மனதுக்குள் இருந்ததை எப்படி நிரூபிப்பது?

உங்கள் மருமகனின் ரொறன்ரோவும் இதே தண்ணீரைக் குடித்ததுதான். விளாடிமிர் குரேரோ ஜூனியர் 2018இல் கீழே மைனர் லீக்குகளில் .381 அடித்தார், அதாவது ஆயிரம் தடவைக்கு 381 அடி என்கிற கணக்கு, 300 வந்தாலே நல்லவன் என்கிற விளையாட்டில். அந்த வருசம் செப்ரெம்பரில்கூடக் கூப்பிடவில்லை. 2019இல் பயிற்சி நேரத்தில் அவருக்குக் காயம் வந்தது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஏப்ரல் 26 வரை போனது. அதனால் 2024 முடிவில் சந்தைக்கு வந்திருக்க வேண்டியவர் 2025 முடிவு வரை கிளப்பிலேயே இருக்கிற மாதிரி ஆனது. பிறகு 2025 ஏப்ரலில் 14 வருசத்துக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டு அங்கேயே தங்கிவிட்டார், ஆகவே அவருக்காக யாரும் அழ வேண்டாம்.

நான் பார்த்தவரைக்கும் ஒரு வழி: கிளப் சொல்கிற காரணத்தைக் கேட்காதீர்கள், கூப்பிட்ட திகதியைப் பாருங்கள். இனி 172ஐ எட்ட முடியாது என்று ஆகிற முதல் நாளுக்குப் பக்கத்திலேயே அந்தப் பெடியன் ஞானம் பெற்றுவிடுவான்.

கேள்வி: எப்போதும் கிளப்பையே குறை சொல்லலாமா சேர்? பழுக்காததைப் பிடுங்கி வெம்பிப்போன பிள்ளைகளை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். (கிண்ணியா ஆசிரியர்)

நல்ல கேள்வி, மேலே நான் போட்ட போட்டுக்கு இது தேவை.

ஜக்சன் ஹொலிடே என்று ஒரு பெடியன். 2022இல் முதல் ஆளாகத் தெரிவானவன், தகப்பனும் மேஜர் லீக்கில் பெயர் எடுத்தவர். 2024 தொடக்கத்தில் பால்ரிமோர் அவனைக் கீழே நோர்ஃபோக்குக்கு அனுப்பியபோது, மேலே நான் சொன்ன அதே குற்றச்சாட்டை ஆட்கள் வாரி இறைத்தார்கள். ஏப்ரல் 10ஆம் திகதி கூப்பிட்டார்கள். 34 தடவை அடிக்க இறங்கி இரண்டே இரண்டு அடி. 20 வயதுப் பெடியனுக்கு பந்து கண்ணுக்கே தெரியவில்லை. 26ஆம் திகதி திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31ஆம் திகதி மறுபடி வந்து, அன்றைக்கே மூன்று தளத்திலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தான், ஒரே அடியில் நாலு ஓட்டம். யாருக்கு எதிராக? ரொறன்ரோவுக்கு. மன்னிக்கவும், உப்புவெளித் தம்பி.

ஆகவே கீழே நல்ல வேலையும் நடக்கிறது. ஆனால் ஆசிரியருக்கு இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1951இல் வில்லி மேஸ் மினியாபோலிஸில் 35 ஆட்டத்தில் .477 அடித்துவிட்டு மேலே நியூயோர்க் ஜயன்ற்ஸுக்கு வந்தார், அவருக்கும் 20 வயதுதான். வந்து முதல் 26 தடவையில் ஒரே ஒரு அடி. ஹொலிடேயின் கணக்கும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் மனேஜர் லியோ டுரோச்சர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை, நீதான் என் நடு மைதானக்காரன் என்று இருத்தினார். அந்த வருசம் மேஸ்தான் சிறந்த புதுமுகம், ஓய்வு பெறும்வரை மொத்தம் 660 ஹோம் ரன். பழுத்ததா இல்லையா என்று மாமரத்தைத் தொட்டுப் பார்க்கலாம், பெடியனைத் தொட்டுப் பார்க்க முடியாது, அதுதான் சிக்கல். அந்தச் சிக்கலுக்குள்தான் கணக்குப்பிள்ளை ஒளிந்துகொள்கிறான்.

கேள்வி: கீழே இருக்கிற காலத்தில் அந்தப் பெடியன்கள் எப்படிச் சீவிக்கிறார்கள்? கிளப் சாப்பாடு போடுமா? (உவர்மலை வாசகி)

அக்கா, இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மேஜர் லீக்குக்குக் கீழே படிப்படியாக லீக்குகள். அடியில் பயிற்சி முகாம் லீக், பிறகு சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, உச்சியில் ட்ரிபிள் ஏ. இரவு ஆட்டம் முடிந்து, குளித்தது பாதி குளிக்காதது பாதியாகப் பஸ்ஸில் ஏறி விடிய அடுத்த ஊரில் இறங்குகிற வாழ்க்கை. நம் ஆட்கள் இரவு பஸ்ஸில் கொழும்பு போய் அலுவல் முடித்துக்கொண்டு அடுத்த இரவே திரும்புகிற மாதிரி, ஆனால் ஐந்தாறு மாதம் தொடர்ச்சியாக.

சம்பளம்? 2023க்கு முதல் உச்சிப் படியான ட்ரிபிள் ஏயில் குறைந்தபட்சம் வருசத்துக்கு 17,500 டொலர், அடிப்படியில் 4,800. பிழை இல்லை, நாலாயிரத்து எண்ணூறுதான், வருசத்துக்கு. 2023இல் சங்கம் பேசி அதை 35,800 என்றும் 19,800 என்றும் ஆக்கியது. அதே வருசம் மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 720,000. அதாவது ஒரு படி ஏறினால் இருபது மடங்கு. அந்தப் படிக்குக் கீழே ஒரு பெடியனைப் பன்னிரண்டு நாள் கூட இருத்துகிறது என்றால், நாள் கணக்கில் அவனுடைய பொக்கற்றிலிருந்தே எடுக்கிறது.

மைனர் லீக்காரர் சிலர் 2014இல் வழக்குப் போட்டார்கள், பயிற்சிக் காலத்துக்குச் சம்பளமே தருவதில்லை, மணித்தியாலக் கணக்கில் சட்டப்படிக் கூலி வரவில்லை என்று. எட்டு வருசம் இழுபட்டு 2022இல் 185 மில்லியன் டொலருக்குச் சமாதானம். அந்த வருசத்திலிருந்துதான் பெரும்பாலானவர்களுக்குத் தங்குமிடமும் கிளப் தருகிறது. அதற்கு முதல் ஒரு அறையில் நாலைந்து பேர், நிலத்தில் மெத்தை போட்டு.

ஆனால் ஒன்று, பிரையன்ட் மாதிரி முதல் வரிசையில் தெரிவானவர்களுக்கு கையெழுத்துப் போடும்போதே மில்லியன் கணக்கில் கிடைத்துவிடும், அவருக்கு 6.7 மில்லியன். பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருக்கிறவனுக்குத்தான் ஒன்றும் இல்லை. வெனிசுவேலாக்காரர் ரொனால்ட் அக்குன்யா ஜூனியர் 2014இல் கையெழுத்துப் போட்டது 100,000 டொலருக்கு. 2018இல் அவரையும் ஏப்ரல் 25 வரை அட்லான்டா கீழே வைத்திருந்துவிட்டுத்தான் கூப்பிட்டது. அவர் சிறந்த புதுமுகம் ஆனார். அடுத்த வருசம் 8 வருசத்துக்கு 100 மில்லியன் என்று ஒப்பந்தம் நீட்டினார்கள், போட்டுவிட்டார். மலிவு விலை என்று அப்போதே பலர் சொன்னார்கள், 2023இல் அவர் ஒரே சீசனில் 41 ஹோம் ரன்னும் 73 தளத் திருட்டும் (அடி இல்லாமலே அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிப்பது) செய்து, அப்படி யாருமே செய்யாததைச் செய்தபோது எல்லோரும் சொன்னார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆறேழு வருசம் காத்திரு என்று ஒரு கதவும், இப்போதே கொஞ்சம் குறைவாக வாங்கிக்கொள் என்று இன்னொரு கதவும் காட்டினால், ஏழை வீட்டுப் பெடியன் எந்தக் கதவால் போவான்?

கேள்வி: இதைத் தடுக்கச் சட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாதா? (மூதூர் வாசகர்)

இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது.

பதுக்குவது பழைய நோய். அரிசி மூட்டையைப் பதுக்குகிற மாதிரி ஆளைப் பதுக்குவார்கள். சென்ற் லூயிஸ் கார்டினல்ஸ் கீழே கிளப்புகளாக வாங்கிக் குவித்துப் பெடியன்களை அடைத்து வைத்திருந்ததைப் பார்த்து, 1938இல் பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ் ஒரே அடியில் 74 பேரை விடுதலை செய்துவிட்டார். இன்னொரு வழி, மேலே எடுக்காமல் கீழேயே வைத்திருந்தால் வேறு கிளப் வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்கிற விதி. 1954இல் புரூக்ளின் டொட்ஜர்ஸ் ரொபேர்ட்டோ கிளெமென்டேயைக் கீழ் அணியான மொன்றியலில் வைத்து விட்டு விட்டு ஆடவிட்டார்கள். பிற்ஸ்பேர்க் வந்து 4,000 டொலர் கட்டி ஆளைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் அங்கே 3,000 அடி அடித்தார், 1972 கடைசி நாளில் நிக்கரகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணம் கொண்டுபோன விமானத்தில் இறந்தார்.

ஆனால் 172 நாள் வித்தைக்கு இந்த விதிகள் எட்டாது, அது இரண்டு கிழமை விளையாட்டு. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர உதவி செய்தது ஒரு வாய். 2021 பெப்ரவரியில் சியாட்டில் மரினர்ஸின் தலைவர் கெவின் மேதர் ஒரு ரோட்டரிக் கழகக் கூட்டத்தில், நம்மூரிலும் நடக்கிற மாதிரிக் கூட்டம்தான், மனம் விட்டுப் பேசிவிட்டார். இளம் பெடியன்களை வேண்டுமென்றே மேலே கொண்டுவரவில்லை என்பதையும், ஜரெட் கெலனிக் நீண்ட ஒப்பந்தத்தை மறுத்த கதையையும் போட்டு உடைத்துவிட்டார். வீடியோ வெளியே வந்தது, சில நாளில் பதவி போனது. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னதற்குப் பதவி போன முதல் ஆள் அவர் இல்லை.

2022இல், கதவடைப்பு 99 நாள் நீடித்த பிறகு வந்த புது ஒப்பந்தத்தில் இரண்டு விசயம் சேர்த்தார்கள். ஒன்று, எப்போது கூப்பிட்டாலும் சரி, சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிட்டால் அந்த வருசம் முழு வருசம். 2024இல் பிற்ஸ்பேர்க், போல் ஸ்கீன்ஸ் என்கிற பந்து எறிகிறவரை மே 11 வரை கீழே வைத்திருந்தது. அவர் சிறந்த புதுமுகம் ஆனார், முழு வருசமும் அவர் கணக்கில் ஏறியது, பதுக்கியதில் மிச்சம் ஒன்றும் இல்லை. மற்றது, உயர்வாக மதிப்பிடப்பட்ட பெடியனைத் தொடக்கத்திலேயே இறக்கி, அவன் விருது வென்றால் கிளப்புக்கு அடுத்த தெரிவில் ஒரு ஆள் கூடக் கிடைக்கும். அந்தப் பரிசை முதலில் வாங்கியது யார் தெரியுமா? அதே சியாட்டில், 2022இல் ஹூலியோ ரொட்றிகெஸை முதல் நாளே இறக்கியதற்கு.

சின்னக் கிளப்புகள் தங்கள் பக்கமும் சொல்வார்கள், நியூயோர்க் மாதிரி எங்களிடம் காசில்லை, வளர்த்த பிள்ளையை ஒரு வருசம் கூட வைத்திருக்க ஆசைப்படுவது பாவமா என்று. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் சிக்காகோ கப்ஸ் ஏழைக் கிளப் இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஒரு கிளப்பில் கிரிக்கெட் விளையாடுகிறான், பயிற்சியில் எல்லோரையும் விட நன்றாகப் போடுகிறான், போட்டி என்றால் பன்னிரண்டாவது ஆள். கேட்டால் அடுத்த வருசம் என்கிறார்கள். போன வருசமும் அதையேதான் சொன்னார்கள். (பாலையூற்று, ஒரு தாய்)

தங்கச்சி, நான் புட்போல் விளையாடின ஆள். 17 வயதில் ஒரு கிளப்பில் இரண்டு சீசன் கோட்டுக்கு வெளியே இருந்தேன். மக்கெய்சர் மைதானத்து ஓரத்தில் இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டுவது என் வேலை, நாலாக வெட்டி, உப்புத் தூவி, தட்டில் அடுக்க வேண்டும். அந்தக் கத்திக்குப் பிடி இல்லை, துணி சுற்றியிருக்கும், சாறு பட்டு விரல் எரியும். உடம்பு வைக்கட்டும் என்றார்கள். இரண்டு வேளை முட்டை குடித்தேன். பிறகுதான் ஒரு அண்ணன் வாய் தவறிச் சொன்னார், அடுத்த வருச வயதுப் பிரிவுப் போட்டிக்கு என்னை வைத்திருந்தார்களாம், பெரிய அணியில் இறக்கினால் வேறு கிளப் கண்ணில் பட்டுவிடுவேன் என்று. கோபம் இன்னும் இருக்கிறது, முட்டை மணத்தைக் கண்டால் இப்போதும் குமட்டும்.

உங்கள் மகனின் கோச் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், 16 வயதுத் தோள்பட்டைக்குப் பெரியவர்களோடு முழு நாளும் பந்து போடுவது நல்லதும் இல்லை. ஆனால் போய்க் கேளுங்கள், மகன் பக்கத்தில் நிற்கட்டும். என்ன குறை என்று ஒரு கேள்வி, அதை எப்படி அளக்கிறீர்கள் என்று இன்னொன்று. லைன் பிழை, மூச்சு போதாது, யோர்க்கர் விழவில்லை என்று குறிப்பாக ஒன்றைச் சொன்னால் அவரை நம்புங்கள், மகனை இன்னும் வேளைக்கு எழுப்பிக் கடற்கரையில் ஓட விடுங்கள். பொதுவாக, இன்னும் காலம் இருக்கிறது அம்மா என்று சிரித்தால், பதிவுப் படிவத்தில் மகன் எத்தனை வருசத்துக்குக் கையெழுத்து வைத்திருக்கிறான் என்று வீட்டுக்கு வந்து எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், திகதியும் போட்டு.